செயலாளர் பிரித்த ஐந்து பகுதிகள்

ஆறுமுகநயினாருக்கு வாழ்க்கையில் தெரிந்த வேலை ஒன்றுதான்: யாராவது வந்து ஒரு பொருளைக் கேட்டால் உடனே கொடுக்காமல் நிற்கவைப்பது. விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தவர், அதே ஸ்டோரிலிருந்தே ஓய்வுபெற்றார். இடையில் இயந்திரங்கள் மாறின, முதலாளிகள் மாறினார்கள், தொழிலாளிகள் பாதியாகக் குறைந்தார்கள். கம்பிவலை ஜன்னலுக்குப் பின்னால் அவர் முகம் மட்டும் மாறவில்லை. கையுறை கேட்டு வருகிறவனிடம் பழையதைக் கொண்டுவா என்பார். கொண்டுவந்தால், இன்னும் கிழியவில்லையே என்பார். கையில் எண்ணெய் சொட்ட அவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டே சாயா குடிப்பார். கம்பெனியைத் தான்தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு. அவர் ஓய்வுபெற்றுப் போன வாரமே அந்தக் கம்பிவலையைக் கழற்றி எறிந்துவிட்டு, கையுறைகளைத் திறந்த அலமாரியில் அடுக்கினார்கள். எவனும் வேண்டியதற்கு மேல் ஒன்றை எடுத்துக்கொண்டு போகவில்லை.

செம்பூரில் இரண்டு அறை வீட்டில் ஓய்வுக் காலம் தொடங்கியது. அங்கே அவர் நிற்கவைப்பதற்கு ஆள் இல்லை. மனைவி முப்பிடாதியம்மாள் அவர் எது சொன்னாலும் "சரி" என்பாள். பிறகு தனக்குத் தோன்றியதைச் செய்வாள். மகன் பெங்களூரில் இருந்தான். ஆகவே ஆறுமுகநயினார் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தாராவிக்குப் போய், ஊர்க்காரர்களின் சங்கத்துக்குச் செயலாளரானார்.

தேர்தலெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. கடனாநதி மக்கள் நலச் சங்கத்தின் செயலாளர் வேலையை யாரும் விரும்பவில்லை, அவ்வளவுதான். உறுப்பினர்கள் தோல் பட்டறையிலும் தையல் கடையிலும் மாவு மில்லிலும் பொழுதுக்கும் உழைக்கிறவர்கள். அரசாங்க ஆபீசுக்கு நடக்கவும் கணக்கு தாக்கல் செய்யவும் ஓர் ஆள் தானாக வந்தால் வேண்டாம் என்று சொல்வார்களா? தலைவர் ஸ்தானத்தில் இருந்த கிழவருக்குக் கூட்டம் தொடங்கியதும் கண் சொக்கிவிடும். மற்றவர்கள் கை தூக்கிவிட்டுத் தொழிலைப் பார்க்கப் போனார்கள்.

தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சங்கத்தின் கட்டடம் இருந்தது. வாசலைத் தாண்டினால் ஹால். ஹாலுக்கு இடப்பக்கம் ஆபீஸ், வலப்பக்கம் செய்தித்தாள் படிக்கும் அறை. ஹாலின் கடைசியில் சமையற்கட்டும் அதையொட்டிப் பாத்திர அறையும். மாடியில், ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு ஒரு நீள அறை. மாடிக்கு வெளியிலிருந்தே படி இருந்தது. சமையற்கட்டுக்கு மட்டும் ஹால் வழியாகத்தான் போகவேண்டும். வேறு வழி கிடையாது.

அந்தச் சமையற்கட்டில் தினமும் விடியலில் விஜயராணியும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து சமைத்தார்கள். இட்லி, சாம்பார், சப்பாத்தி, பாஜி. பத்து மணிக்குள் டப்பாக்கள் பட்டறைகளுக்குப் போய்விடும். மத்தியானம் வரை அவர்கள் சமையற்கட்டைப் பயன்படுத்தலாம் என்று பொதுக்குழு முன்பே தீர்மானம் போட்டிருந்தது. வாடகை ஒழுங்காக வந்தது. அண்டா, குத்துப்போணி என்று பெரிய பாத்திரங்களெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன. குறை என்று எதையும் சொல்ல முடியாது.

ஆறுமுகநயினாருக்கு ஒரு குறை இருந்தது. அந்தப் பெண்கள் யாரையும் கேட்காமல் உள்ளே போனார்கள். எதிர்ச் சந்தில் மாவு மில் வைத்திருந்த பூலோகத்திடம் சாவி இருக்கும்; அதை வாங்கித் திறப்பார்கள், வேலையை முடிப்பார்கள், பூட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். செயலாளர் பதினோரு மணிக்கு வந்து ஆபீஸில் உட்கார்ந்தால், விஜயராணி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி, "வாங்க அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தாண்டிப் போவாள். அது அவருக்குப் போதவில்லை. அவருக்கு வேண்டியது "வாங்க" இல்லை, "போகலாமா" என்ற கேள்வி.

அந்த வருஷம் சந்து முனையில் ஒரு மொபைல் கடையில் திருட்டுப் போனது. ஆறுமுகநயினாருக்கு அதைவிட நல்ல செய்தி வேறு கிடைத்திருக்காது. கமிட்டியைக் கூட்டி, சங்கத்துக்கு அலாரம் வைத்தாகவேண்டும் என்றார்.

"நம்மகிட்ட களவாங்க என்ன இருக்கு அண்ணாச்சி?" என்று பூலோகம் கேட்டார். "பிளாஸ்டிக் சேரைத் தலையில தூக்கிட்டா ஓடப்போறான்?"

"பொதுச் சொத்து, பூலோகம். பொதுச் சொத்துன்னா உங்களுக்கு இளப்பம்."

மாட்டுங்காவில் ஒரு வியாபாரி நன்கொடை தர ஒத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். தங்கள் கைக்காசு போகாது என்று தெரிந்ததும் கமிட்டிக்காரர்களுக்குப் பாதுகாப்பின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. தலைவர் விழித்தெழுந்து கை தூக்கினார்.

அலாரம் வைக்க மான்குர்த்திலிருந்து ஆஷிக் என்பவன் வந்தான். தாத்தா காலத்தில் கடையநல்லூரிலிருந்து வந்த குடும்பம். நாக்கில் பாதி இந்தி. கெட்டிக்காரன்தான், ஆனால் காசு கொடுக்கிறவர் சொன்னால் கிணற்றுக்குள்ளும் சென்சார் மாட்டுவான்.

"அங்கிள், பூரா பில்டிங்கையும் ஒரே ஏரியாவா போட்டுடலாம்" என்றான் அவன். "கடைசி ஆள் போகும்போது கோட் அடிச்சு ஆன் பண்ணுவாரு. முதல்ல வர்ற ஆள் ஆஃப் பண்ணுவாரு. சிம்பிள்."

"தனித்தனியா வைக்க முடியாதா?"

"முடியும். அலக் அலக் ஏரியா. ஆபீஸ் ஒன்னு, ஹால் ஒன்னு, கிச்சன் ஒன்னு. ஒன்னை ஆஃப் பண்ணினா மத்ததெல்லாம் ஆன்லயே இருக்கும். யாருக்கு எந்த ஏரியான்னு நீங்க சொல்ற மாதிரி கோட் குடுத்துடலாம்."

ஆறுமுகநயினார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆபீஸ், ஹால், படிக்கும் அறை, சமையற்கட்டு, மாடி என்று ஐந்து பகுதிகள் முடிவாயின. படிக்கும் அறையின் ரகசிய எண் பேப்பர் போடுகிறவரிடம், மாடியின் எண் அதைப் பார்த்துக்கொள்கிறவரிடம், சமையற்கட்டின் எண் விஜயராணியிடம். எல்லாப் பகுதிக்கும் எண் செயலாளரிடம் மட்டும். போதாதென்று, செம்பூரில் இருந்தபடியே எந்தப் பகுதியையும் திறக்கவும் அடைக்கவும் அவருடைய போனில் ஓர் ஆப்.

ஆஷிக் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு ஹாலை ஒரு முறை நடந்து பார்த்தான்.

"ஒரு லஃப்டா இருக்கு அங்கிள். கிச்சனுக்கு ஹால் வழியாத்தானே போகணும்? ஹால் ஆன்ல இருந்து கிச்சன் ஆஃப்ல இருந்தா, அவங்க நடந்து போறப்பவே சைரன் அடிச்சிடும். படிக்கிற ரூமுக்கும் அதே கதைதான். ஹாலைப் பொதுவா வச்சிடலாம். யார் எந்த ஏரியாவைத் திறந்தாலும் ஹால் தானா ஆஃப் ஆயிடும். எல்லா இடத்துலயும் அப்படித்தான் வைப்போம்."

"வேண்டாம்."

"அப்போ அவங்க எப்படிப் போவாங்க?"

"எங்கிட்ட கேட்டுட்டுப் போவாவ."

ஆஷிக் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு, "ஆப்கி மர்ஜி, உங்க இஷ்டம்" என்று கீபேடை மாட்டத் தொடங்கினான்.

அப்படித்தான் நடந்தது அந்தச் சின்னத்தனம். தீர்மானத்தை அவர் மீறவில்லை. சமையற்கட்டு பெண்களுக்கு என்று தீர்மானம் சொன்னது. அவரும் சமையற்கட்டைக் கொடுத்தார். வழியை மட்டும் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் விஜயராணி கதவைத் திறந்து கால் வைத்ததும் சைரன் அலறியது. சந்தே விழித்துக்கொண்டது. அவள் கீபேடில் தன் எண்ணை அடித்தாள். சமையற்கட்டு திறந்தது, அலறல் நிற்கவில்லை. செம்பூரில் ஆறுமுகநயினாரின் போன் அடித்தது.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த நம்பரு வேல செய்யல. சைரன் அடிக்கி."

"அது கிச்சன் நம்பரு. ஹால் நம்பரு எங்கிட்டல்லா இருக்கு."

"நாங்க பறந்தா போவோம்?"

"போன் பண்ணுங்க. நான் இங்கேருந்தே ஆஃப் பண்ணுதேன். அவ்வளவுதான், ஒரு போன்!"

மறுமுனையில் சைரனுக்கு நடுவே மாவு பாத்திரம் இறங்கிய சத்தம் கேட்டது. "சரி. இப்ப ஆஃப் பண்ணுங்க" என்றாள். பட்டறைக்காரர்கள் பசியோடு காத்திருப்பார்கள்; அவளுக்குச் சண்டை போட நேரமில்லை.

அன்று முதல் ஆறுமுகநயினாருக்கு மறுபடி ஒரு கம்பிவலை ஜன்னல் கிடைத்துவிட்டது. விடியலில் போன் அடிக்கும். முதல் தடவை எடுக்கமாட்டார். இரண்டாவது தடவை அடிக்கும்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "யாரு?" என்பார், பெயர் திரையில் தெரிந்தாலும். இன்றைக்கு எத்தனை பேர், நேற்று ஏன் தாமதம், கேஸ் வால்வை மூடினீர்களா என்று கேட்டு முடித்துவிட்டுத்தான் விரலை வைப்பார். சந்தில் பெண்கள் கூடைகளோடு நிற்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மனக்கண்ணில் நன்றாகத் தெரிந்தது. அந்த மகிழ்ச்சியில் காலை நடைக்கும் போவார்.

"அந்தப் பிள்ளையளை ஏன் இப்பிடி நிறுத்தி வைக்கிய?" என்று முப்பிடாதியம்மாள் ஒரு நாள் கேட்டாள்.

"உனக்கு செக்யூரிட்டி பத்தி என்னட்டி தெரியும்?"

"சரி" என்றாள் அவள்.

கமிட்டியில் விஜயராணி முறையிட்டாள். பார்க்கலாம் என்றார்கள். பூலோகம் மட்டும் இரண்டு தடவை பேசிப் பார்த்தார். அலாரம் நன்கொடையாளருடைய விருப்பம், இடையில் மாற்றினால் மரியாதையாக இருக்காது என்று பதில் வந்தது. அந்த மாட்டுங்கா வியாபாரிக்குத் தன் பணத்தில் அலாரம் வாங்கினார்களா, ஆர்மோனியம் வாங்கினார்களா என்பதே நினைவிருந்திருக்காது.

ஆடி மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் கொட்டி, விடிந்தும் ஓயவில்லை. நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய வரிசை வீடுகளில் தண்ணீர் முட்டளவு ஏறியது. ஜனங்கள் கேஸ் அடுப்பையும் துணி மூட்டையையும் பரணில் ஏற்றிவிட்டு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் இருந்த சங்கத்தைப் பார்த்து வந்தார்கள். மாடி நிறைந்தது, படிக்கட்டு நிறைந்தது. மீதிப் பேர் வாசலில் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூலோகம் சாவியோடு வந்து கதவைத் திறந்துவிட்டார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஹால் காலியாக இருந்தது. எல்லோரும் வாசற்படியிலேயே நின்றார்கள்.

விஜயராணி போன் செய்தாள்.

"அண்ணாச்சி, வீட்டுக்குள்ள தண்ணி வந்து ஆளுவ எல்லாம் இங்க நிக்காவ. ஹாலைத் திறந்து விடுங்க. பிள்ளையளுக்கு எதாவது பொங்கிக் குடுக்கணும்."

செம்பூரில் ஆறுமுகநயினார் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து டி.வி.யில் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுன்னாபட்டியில் தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றுவிட்டது. அவர் வரமுடியாது, அதை யாரும் குறை சொல்லமாட்டார்கள். அவர் செய்யவேண்டியது பக்கத்தில் கிடந்த போனில் ஒரு முறை தொடுவது.

"யாரெல்லாம் நிக்காவ?" என்று கேட்டார்.

"நம்ம ஆளுவளும் இருக்காவ, மத்தவுகளும் இருக்காவ."

"மத்தவுகன்னா? உறுப்பினரா?"

"அண்ணாச்சி, மழையில நிக்காவ."

"அதுக்கில்ல. நாளைக்கு ஒன்னு காணாமப் போனா நான்லா பதில் சொல்லணும்? யாரு யாரு, எத்தன பேருன்னு பேரு எழுதி வாட்ஸப்ல அனுப்பு. தலைவர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் திறந்து விடுதேன்."

விஜயராணி போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தாள். பக்கத்தில் ஒரு கைக்குழந்தை விக்கி விக்கி அழுதது. "ஏதும் சொல்லுதாவளா?" என்று பூலோகம் கேட்டார்.

"பேரு எழுதி அனுப்பணுமாம்."

பூலோகம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மாவு மில்லில் கட்டிங் பிளேயர் இருக்கிறது, கொண்டுவந்து சைரன் ஒயரை வெட்டிவிடுகிறேன் என்றார்.

"வேண்டாம். ஒயரை வெட்டினா நாமதான் களவாணின்னு சொல்லுவாரு." அவள் மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை எடுத்தது முப்பிடாதியம்மாள்.

"மதினி, நீங்களாவது சொல்லுங்க."

முப்பிடாதியம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார், தலைவர் போன் எடுக்கவில்லை என்று சொல்லச் சொல்லி. தலைவருக்கு அவர் போன் போடவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"தாயி," என்றாள் அவள், அவர் காதில் விழும்படியாகவே. "இவிய திறக்க மாட்டாவ. நீங்க உள்ள போங்க."

விஜயராணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குள் நடந்தாள். சைரன் கிளம்பியது. அவளுக்குப் பின்னால் பெண்கள் போனார்கள், பிறகு பிள்ளைகள், பிறகு மூட்டைகளோடு எல்லோரும்.

அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. சில நிமிஷம் அலறி ஓயும். ஓய்ந்ததும் யாராவது அசைவார்கள், மறுபடி தொடங்கும். வாசலுக்கு மேல் சிவப்பு விளக்கு சுழன்றது. கிழவிகள் காதைச் சேலையால் பொத்திக்கொண்டார்கள். கைக்குழந்தைகளை மாடிக்கு மாற்றினார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் முதலில் மிரண்டு அழுதன. பிறகு அது எப்போது நிற்கும், எப்போது தொடங்கும் என்று பந்தயம் கட்டிக் கைதட்டின. சமையற்கட்டில் பேச்சு எடுபடவில்லை. உப்பா, மிளகாயா என்று கையைக் காட்டியே வேலை நடந்தது. பெரிய அண்டாவில் உப்புமா வெந்தது. இன்னொன்றில் சாயா கொதித்தது.

செம்பூரில் ஆறுமுகநயினாரின் போன், ஹாலில் திருடன் ஹாலில் திருடன் என்று சளைக்காமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மனிதர் அப்போதும் நிறுத்தவில்லை. ஒரு தொடுதலில் சைரன் அடங்கியிருக்கும். அவரோ நூறாம் நம்பரைக் கூப்பிட்டு, சங்கத்துக்குள் ஆட்கள் அத்துமீறி நுழைந்துவிட்டதாகப் புகார் சொன்னார்.

வெகுநேரம் கழித்து மழைக்கோட்டில் ஒரு ஹவல்தார் வந்தார். வாசலில் நின்று, என்ன நடந்தது என்று மராத்தியில் "காய் ஜாலா?" எனக் கத்தினார்.

"சோர் நஹி ஹை, சாஹப். கர் மே பானி ஆயா" என்று, திருடன் யாரும் இல்லை, வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என விஜயராணி இந்தியில் திரும்பக் கத்தினாள்.

ஹவல்தார் உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து ஜனங்கள் காகிதத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கையிலும் ஒரு தட்டு வந்தது. காலையிலிருந்து அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை போலும். நின்றபடியே பாதியைத் தின்றுவிட்டுத்தான் புகார் கொடுத்தவரைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் ஆறுமுகநயினார் இந்தியில், அனுமதியில்லாத நுழைவு, பொதுச் சொத்து, எப்.ஐ.ஆர். என்று மூச்சுவிடாமல் பேசினார். ஹவல்தார் உப்புமாவை மென்றபடி கேட்டார். கடைசியில், இதை நிறுத்து, இல்லாவிட்டால் பொதுத்தொல்லை என்று உன் மேல்தான் எழுதுவேன் என்று இந்தியில் சொன்னார்.

அடுத்த நொடியில் சைரன் நின்றது. மழைச் சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடியது. வழக்கமாக முன்வரிசை கூட நிறையாது. அன்று வாசல் வரை ஆள். ஆறுமுகநயினார் இஸ்திரிச் சட்டையோடு மேடைக்கு வந்தார். வெட்கப்படுகிறவர்போல இல்லை. தன்னைப் பாராட்டத்தான் கூடியிருக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பாதுகாப்பைப் பற்றி நீளமாகப் பேசினார். ஐந்து பகுதிகளாகப் பிரித்ததால் ஒரு பகுதியின் பொறுப்பு இன்னொரு பகுதிக்குப் போகாது என்றார்.

"இதுவரைக்கும் என்ன களவு போச்சு அண்ணாச்சி?" என்று விஜயராணி எழுந்து கேட்டாள்.

"ஒன்னும் போகலல்லா? அது எதனால?"

"வைக்கிறதுக்கு முன்னாடி என்ன போச்சு?"

அவர் தண்ணீர் குடித்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பூலோகம் எழுந்தார். ஹால் இனிப் பொது, எந்தப் பகுதியைத் திறந்தாலும் ஹாலும் திறக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் உரிய எண் மூன்று பேரிடம் இருக்கவேண்டும், அதில் ஒருத்தர் விஜயராணி என்றார். கைகள் மொத்தமாக உயர்ந்தன.

ஆறுமுகநயினாரின் முகம் கறுத்தது. "அப்பிடின்னா நான் ராஜினாமா பண்ணுதேன்" என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். வேண்டாம் அண்ணாச்சி, உட்காருங்க அண்ணாச்சி என்று நாலு பேர் எழுந்து வருவார்கள் என்று எதிர்பார்த்து நின்ற அந்த நிற்பைப் பார்க்கவே சகிக்கவில்லை. தலைவர் விழித்துக்கொண்டு, "எழுதித் தரணுமா, வாயால சொன்னாப் போதுமா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே சட்டம் தெரியாமல்தான் கேட்டார். ஹால் முழுவதும் சிரித்தது.

ஆறுமுகநயினார் எழுதிக் கொடுத்தார். எண்களை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். மறதி என்றார். அதனால் ஆஷிக்கைத்தான் மறுபடி கூப்பிடவேண்டியிருந்தது. அவன் ஆபீஸ் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டான். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவையும் கூலி வாங்கிக்கொண்டு போனான். செம்பூரில் ஒரு போனில் இருந்த ஆப் அதற்குப்பின் திறக்கவில்லை. ஆறுமுகநயினார் பல நாள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இணைப்பு இல்லை என்றே வந்தது.

இப்போது அவர் சாயங்காலங்களில் செம்பூரில் ஒரு பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சங்கம் நன்றி கெட்டது என்று, கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார். கேட்டு முடித்தவர்கள் வேறு பெஞ்சுக்குப் போய்விட, புதிதாக யாராவது வந்து அகப்படுவார்கள். தான் குடியிருக்கும் கட்டடத்தின் கமிட்டியில் நுழையவும் முயன்றார். மொட்டை மாடிச் சாவி தன்னிடம் இருக்கவேண்டும் என்றதோடு அந்தக் கதையும் முடிந்தது.

முப்பிடாதியம்மாள் வாரத்தில் சில நாள் விடியலிலேயே கிளம்பி ரயில் பிடித்து, சங்கத்துச் சமையற்கட்டுக்கு வருகிறாள். எங்கே போகிறாய் என்று அவர் முதலில் கேட்டார். சொன்னாள். போகக்கூடாது என்றார். "சரி" என்று சொல்லிவிட்டு, அவருடைய சாப்பாட்டை மேஜையில் மூடிவைத்துவிட்டு வந்துவிட்டாள். அவளுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் பீன்ஸை நறுக்கக் குவித்துக்கொண்டிருந்தபோது விஜயராணி மரியாதைக்குக் கேட்டாள்: "மதினி, அண்ணாச்சி எப்படி இருக்காவ?"

"இருக்காவ" என்றாள் முப்பிடாதியம்மாள். பிறகு, "இந்தக் கத்தி மொட்டையா இருக்கு. வேற ஒன்னு தா" என்றாள்.